தகவலாளி எண் 14

என் கவிதைத் தொகுப்பு ஒன்று அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. அதில் ஒரு கவிதைக்கு முன்னால், எங்க ஆயா பாடின ஒப்பாரியிலிருந்து நாலு அடி போட்டிருந்தேன். பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. "தோழர், இந்த நாலு அடி ஏற்கனவே ஒரு நாட்டுப்புறப் பாடல் தொகுப்புல வந்திருக்கு. தொகுத்த பேராசிரியர்கிட்ட ஒரு அனுமதிக் கடிதம் வாங்கிட்டீங்கன்னா நமக்குச் சிக்கல் இல்ல." எனக்கு முதலில் புரியவேயில்லை. எங்க தாத்தா செத்தப்ப எங்க ஆயா மாரடிச்சு அழுத அழுகையை என் புத்தகத்தில் போட, நான் யாரிடமோ போய் அனுமதி கேட்டு நிற்கணும்.

அந்தப் புத்தகத்தைத் தேடி வாங்கிப் படித்தேன். பேராசிரியர் எங்க காலனிக்கு வந்தது எனக்கு நினைவிருக்கிறது. 1997. நான் மூணாங்கிளாஸ். ஊர்த்தெருவில் ஜீப்பை நிறுத்திவிட்டு, டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாய்க்கால் தாண்டி நடந்து வந்தார். ஆயா முதலில் மாட்டேன் என்றது. சாவு விழாத வீட்டுக்குள்ள ஒப்பாரி வெச்சா ஆவாதுன்னு சொன்னது. அப்புறம் களத்துமேட்டுக்குக் கூட்டிப்போய், புளியமரத்தடியில் உட்கார்ந்து ராத்திரி வரைக்கும் பாடிச்சு. பாடும்போதே நெசமா அழுதுச்சு. கெட்ட மனுசன் இல்லை அவர். எங்க வீட்டு டம்ளரில் டீ குடித்தார். அன்றைக்கு அது பெரிய விஷயம். ஒரு சேலையும் அம்பது ரூபாயும் கொடுத்துவிட்டுப் போனார்.

புத்தகத்தின் முன்னுரையில் பல்கலைக்கழகத்துக்கு நன்றி, வழிகாட்டிக்கு நன்றி, தட்டச்சு செய்தவருக்கு நன்றி. கடைசியில் ஒரு பட்டியல். தகவலாளி எண் 14: பெண், வயது 60 (தோராயம்), படிப்பு இல்லை, தொழில் விவசாயக் கூலி. அடுத்த கட்டத்தில் எங்க சாதி, பிழையில்லாமல் முழுசாக. பெயருக்குப் பட்டியலில் கட்டமே இல்லை. இரண்டாம் பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு 'சி' போட்டு, உரிமை ஆசிரியருக்கு என்று அச்சடித்திருக்கிறது. சாதியைக் கேட்டு எழுதிக்கொண்ட பேனா பெயரைக் கேட்கவில்லை.

இதை ஒரு தோழரிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் நம்முடைய இயக்கத்துக்காரர்தான், நிறைய படித்தவர். "காப்பிரைட்டே முதலாளித்துவச் சரக்குதானேப்பா, அதுக்குப் போய் நீ ஏன் அலையற? பாட்டு மக்களோடது. யாருக்கும் சொந்தம் இல்ல" என்றார். கூடவே ஆசிரியன் செத்துப்போய் ரொம்ப நாளாச்சு என்றும் சொன்னார். ரோலான் பார்த் 1967லேயே எழுதிவிட்டார் என்பது எனக்கும் தெரியும். தொண்ணூறுகளின் சிறுபத்திரிகைகளை எல்லாம் பழைய புத்தகக் கடையில் பொறுக்கிப் படித்தவன்தான் நானும். ஆனால் ஒரு சந்தேகம். எங்க ஆயா எப்போது ஆசிரியராக இருந்தது, சாவதற்கு? ஆயிரம் வருசமாகப் பாட்டுக் கட்டினவர்களுக்குப் பெயர் கிடையாது, "நாட்டார்", "வாய்மொழி மரபு", "ஆசிரியர் அறியப்படவில்லை" என்று வைத்திருந்துவிட்டு, நாங்க பேனாவைத் தொட்ட அதே நேரத்தில் ஆசிரியன் செத்துட்டான்னு பறையறைந்தால், அந்தச் சாவுக்கு நாங்க எதுக்குப் பறையடிக்கணும்? 'அறியப்படவில்லை' என்று எழுதுகிற இடத்தில் பாதிக்குப் பாதி 'விசாரிக்கப்படவில்லை' என்றுதான் எழுத வேண்டும்.

திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லிஸ் துரையிடம் சேர்த்தது தன் பாட்டனார் கந்தப்பன் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதி வைத்தார். கந்தப்பன் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் பட்லர். பண்டிதர் தன் பத்திரிகையில் எழுதி வைக்கவில்லை என்றால் அந்தப் பெயரும் நமக்குத் தெரிந்திருக்காது. சுவடியைக் கொடுத்த கை வரலாற்றில் விழ, பேரன் ஒரு பத்திரிகையே நடத்த வேண்டியிருந்தது.

அதனால் நான் சட்டத்தைப் படிக்க உட்கார்ந்தேன். வங்கியில் குமாஸ்தா வேலை. சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் விதியைப் படிக்கிற பழக்கம் உண்டு. பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. 1994, 1999, 2012 திருத்தங்கள் முக்கியமானவை. படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியம்தான். நாம் நினைப்பது போல அந்தச் சட்டம் முழுக்க நமக்கு எதிரி இல்லை. நாம்தான் அதன் பக்கம் போகவே இல்லை.

முதல் விஷயம், பதிவு செய்தால்தான் உரிமை என்பது தப்பு. கவிதையை எழுதி முடித்த அந்த நிமிசமே உரிமை உங்களுடையது. யாரும் முத்திரை குத்த வேண்டாம், வட்டத்துக்குள் 'சி' கூட வேண்டாம். எழுதியவர் உயிரோடு இருக்கும் வரைக்கும், செத்த பிறகு 60 வருசத்துக்கும் அது நிற்கும். அந்த 60, செத்ததற்கு அடுத்த ஜனவரி முதல் தேதியிலிருந்து கணக்கு. முன்பு 50ஆக இருந்தது. தாகூர் 1941இல் இறந்தார், 1991 முடிந்தால் அவர் எழுத்து பொதுவாகிவிடும் என்ற நிலையில் 60 ஆக்கினார்கள். எங்க ஆயா செத்தது 2004. அது சொந்தமாகக் கட்டிப் பாடின வரிகளுக்கு 2064 டிசம்பர் 31 வரைக்கும் உரிமை உண்டு. வழிவழியாக எல்லாரும் பாடுகிற அடிகளுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. நாங்களும் முடியாது, பேராசிரியரும் முடியாது. அவருக்கு உரிமை இருப்பது அவருடைய முன்னுரைக்கு, விளக்கத்துக்கு, பாடல்களைத் தெரிந்தெடுத்து அடுக்கின முறைக்கு. அவர் பதிந்த டேப்பில் உள்ள ஒலிக்கு, பதிவு செய்தவர் என்ற வகையில் தனி உரிமை. ஒப்பாரிக்கு இல்லை. ஆக, அந்தப் பதிப்பகத்துக்காரர் என்னைக் கேட்கச் சொன்ன அனுமதி, அவரிடம் இல்லாத அனுமதி.

இன்னொன்றும் இருக்கிறது. 1994 திருத்தத்தில், பாடுகிறவர் ஆடுகிறவர்களுக்கென்று தனி உரிமை வந்தது. 1995 மே 10 முதல் நடைமுறை. யார் கலைஞர் என்று சட்டம் சொல்கிற பட்டியலைப் பாருங்கள்: நடிகர், பாடகர், இசைக்கலைஞர், நடனக்காரர் என்று ஆரம்பித்து, கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரைக்கும் போகிறது, வேறு எவர் நிகழ்த்தினாலும் அவரும் சேர்த்தி. சபா மேடையில் உட்கார்ந்தவரும் சாவு வீட்டில் பறையடிக்கிறவரும் அந்த வரியில் ஒரே ஆள். பாட்டு யாருடையதாக இருந்தாலும், பாடின குரலுக்கு 50 வருசம் உரிமை. சம்மதம் இல்லாமல் பதியக் கூடாது. வியாபாரமாகப் பயன்படுத்தினால் பங்கு தரணும். பெயர் சொல்லணும். பங்கும் பெயரும் 2012இல் சேர்ந்தவை. ஒப்பாரி, தெம்மாங்கு, கானா எதைப் பதிய யார் வந்தாலும் இதைத்தான் நாம் முதலில் எடுத்துக் காட்ட வேண்டும். ஆனால் நம் பண்பாட்டுப் பயிற்சி முகாம்களில் கிராம்ஷி வகுப்பு உண்டு, இந்த வகுப்பு இல்லை.

வங்கியில் நாள் முழுக்க எனக்கு மற்றவர்கள் கையெழுத்தைச் சரிபார்க்கிற வேலை. நகைக்கடன் வாங்க வருகிற நம்ம சனங்க, பாரம் பூர்த்தி செய்து கொடுத்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்கள்: "எங்க சார் போடணும்?" என்ன எழுதியிருக்குன்னு கேட்க மாட்டார்கள். கேட்டால் வள்ளென்று விழுவார்கள் என்ற பயம், பல தலைமுறைப் பயம். பட்டம் வாங்கிய நம் எழுத்தாளர்களும் பதிப்பாளர் நீட்டுகிற தாளில் இப்படித்தான் போடுகிறோம். முதல் புத்தகம் வருகிற சந்தோசத்தில் யார் படிப்பது? நானே என் முதல் தொகுப்புக்கு அப்படிப் போட்டுக் கொடுத்தவன்தான். "இந்நூல் தொடர்பான சகல உரிமைகளையும்" என்று ஆரம்பித்த தாள்.

ஆனால் சட்டம் அந்தத் தாளுக்கும் கடிவாளம் போட்டிருக்கிறது. உரிமையை எழுதிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். வாய்வார்த்தையில் போகாது. எந்த நூல், எந்தெந்த உரிமை, எத்தனை வருசம், எந்த நாட்டுக்கு, எவ்வளவு ராயல்டி எல்லாம் அதில் இருக்கணும். வருசம் போடவில்லை என்றால் 5 வருசம்தான். நாடு போடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான். வாங்கிக்கொண்டு ஒரு வருசத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தவில்லை என்றால், வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, உரிமை காலாவதி. அச்சிடும் உரிமை வேறு, மொழிபெயர்க்கும் உரிமை வேறு, நாடகமாக்க வேறு, சினிமாவாக்க வேறு, ஒலிப்புத்தகம் வேறு. தலித் இலக்கியத்துக்கு இங்கிலீஷில் சந்தை இருக்கிறது என்று கண்டுகொண்ட பிறகு, இந்த 'வேறு'தான் காசு. தமிழில் 500 பிரதி போடுகிறவருக்கு உலக மொழி உரிமையெல்லாம் எழுதிக் கொடுப்பது, கொல்லையில் மாடு கட்ட இடம் கேட்டவருக்கு வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்த மாதிரி.

எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்த பிறகும் உங்களிடமே நிற்கிற ஒன்று உண்டு: 57ஆம் பிரிவு. இது நான் எழுதியது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், என் பெயர் கெடும்படி அதைச் சிதைக்காதே என்று தடுக்கும் உரிமையும். லாகூர் ஜாத்பட் தோடக் மண்டல் அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்துவிட்டு, உரையில் சில பகுதிகளை மாற்றச் சொன்னபோது, ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன் என்று நின்றார். மாநாடு நடக்கவில்லை. 1936இல் தன் செலவிலேயே 1500 பிரதி அச்சடித்தார். இரண்டே மாதத்தில் தீர்ந்தது. உடனே மொழிபெயர்த்த மொழிகளில் தமிழும் ஒன்று. 57ஆம் பிரிவு அப்போது எழுதப்படவில்லை, பாபாசாகேப் அதை நடத்திக் காட்டியிருக்கிறார்.

2012 திருத்தத்தில் வந்த இன்னொரு விதியைப் படித்தபோது எனக்குப் பஞ்சமி நிலம்தான் ஞாபகம் வந்தது. சினிமாப் பாட்டு எழுதுகிறவரும் இசையமைக்கிறவரும், தியேட்டரில் படத்தோடு ஓடுவது போக மற்ற வழிகளில் வரும் ராயல்டியில் சரிபாதியை யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான். எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. 1892 அரசாணை பஞ்சமி நிலத்துக்குப் போட்ட நிபந்தனையும் இதே ரகம்தானே: முதல் 10 வருசம் கைமாறக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டவருக்குத்தான் கைமாறலாம். நல்ல விதிதான். ஆனாலும் நிலம் எங்கே? கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். விதி காகிதத்தில் இருக்கும், நிலம் அடுத்தவன் பட்டாவில் இருக்கும். பாட்டுக்கும் அந்தக் கதி வராது என்பதற்கு யார் ஜாமீன்?

'என்ஜாய் எஞ்சாமி' 2021 மார்ச்சில் வந்தபோது நம் பிள்ளைகள் எல்லாரும் பாடினோம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாவின் நினைவிலிருந்து அறிவு எடுத்துவந்த பாட்டு. அதே வருசம் ஆகஸ்டில் ஒரு இசைப் பத்திரிகையின் அட்டையில் அறிவு இல்லை என்று சண்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்கவிழா மேடையில் அறிவு இல்லாமல் அந்தப் பாட்டு ஒலித்தது, மறுபடி சண்டை. யார் எவ்வளவு செய்தார்கள் என்று தீர்ப்புச் சொல்ல நான் யாரு? நான் கவனித்தது வேறு. 2024இல் இசையமைத்த சந்தோஷ் நாராயணனே, அந்தப் பாட்டில் தனக்கும் சேர்த்து யாருக்குமே வருமானம் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். ஒரு பாட்டுக்குள்ளே வரிக்கு ஒரு சொத்து, மெட்டுக்கு ஒரு சொத்து, பதிவான ஒலிக்கு ஒரு சொத்து, குரலுக்கு ஒரு சொத்து என்று நாலு இருக்கிறது. தெருவில் நின்று நாம் போட்ட சண்டை பெயருக்கானது. அது நியாயமான சண்டை. ஆனால் அந்த நாலில் எது எவர் பெயரில், எந்தத் தாளில் இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

ஒரு ஏமாற்றத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் ஆசை காட்டினவன் ஆவேன். நம்ம வாழ்க்கையை எடுத்துக்கொண்டு போனால் இந்தச் சட்டம் தடுக்காது. கருத்துக்கு, கருப்பொருளுக்கு, நடந்த சம்பவத்துக்கு உரிமை கிடையாது. அதைச் சொன்ன விதத்துக்குத்தான். ஆர்.ஜி. ஆனந்த் என்ற நாடக ஆசிரியர் தன் நாடகத்தைப் படமாக்கிவிட்டார்கள் என்று உச்சநீதிமன்றம் வரை போய் 1978இல் தோற்றது இதில்தான். நம் சேரியில் நாலு நாள் தங்கி, நம்ம வலியைக் குறிப்பெடுத்துக்கொண்டு போய்ப் படம் பண்ணுகிறவரை நீதிமன்றத்தில் பிடிக்க முடியாது. அதற்கு நாமே எழுதுவதுதான் வழி. தொண்டு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டு வன்கொடுமை அறிக்கை எழுதும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை: ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லை என்றால், வேலையின் பகுதியாக எழுதியதற்கு உரிமையாளர் உங்கள் முதலாளிதான்.

பதிவைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதிந்தால் நல்லது. ஏனென்றால் பதிவேட்டில் இருப்பதை நீதிமன்றம் முதல்நோக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளும். பொய் என்று நிரூபிக்க வேண்டிய பாரம் எதிராளி தலையில். டெல்லி துவாரகாவில் இருக்கிற பதிப்புரிமை அலுவலகத்துக்கு 14ஆம் படிவம், இணையம் வழியாகவே அனுப்பலாம். இலக்கியப் படைப்பு ஒன்றுக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2000. ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருப்பு, அப்புறம் பரிசீலனை. தொகுப்பை ஒரே நூலாகப் பதிந்தால் ஒரே கட்டணம்தான். தனக்குத்தானே பதிவுத்தபால் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்துக்கொள்கிற பழக்கம் உதவி இயக்குநர்களிடம் உண்டு. அதற்குச் சட்டத்தில் தனி மரியாதை இல்லை, தேதியைக் காட்ட உதவினால் உண்டு. தேதிதான் உயிர். 2018இல் 'சர்கார்' படக் கதைத் தகராறு வந்தபோது, 2007லேயே எழுத்தாளர் சங்கத்தில் பதிந்து வைத்த கதை என்பதுதான் பேச்சை மாற்றியது. காசில்லையா, இதழில் வெளியிடுங்கள். மாதமும் வருசமும் போட்டு வருகிற சிறுபத்திரிகையும் சாட்சிதான். வழக்குப் போடவும் டெல்லிக்கு ஓட வேண்டாம், நாம் குடியிருக்கிற மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு தோழர் விடவில்லை. "அப்ப மாணவன் ஜெராக்ஸ் போட்டுப் படிக்கறதையும் திருட்டும்பியா?" நியாயமான கேள்வி. டெல்லிப் பல்கலைக்கழகத்து ஜெராக்ஸ் கடை மேல் ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் இன்னொரு பதிப்பகமும் போட்ட வழக்கில், பாடத்துக்குத் தேவையானதைப் பிரதி எடுப்பது குற்றமில்லை என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2016இல் சொன்னது. அதுவும் இதே சட்டத்தின் 52ஆம் பிரிவிலிருந்துதான். ஆய்வுக்கு, விமர்சனத்துக்கு, சொந்தப் படிப்புக்கு நியாயமான அளவு எடுத்தாளவும் அங்கே இடமுண்டு. அந்த வழக்கில் நான் ஜெராக்ஸ் கடை பக்கம். பெரிய பதிப்பகம் ஏழை மாணவன் மேல் போடுகிற வழக்கும், கூலிக்காரக் கிழவியின் பெயரைக் கேட்கிற வழக்கும் ஒரே சட்டப் புத்தகத்தில் இருக்கிறது என்பதற்காக ஒன்றாகிவிடாது. பாபாசாகேப் உயிரோடு இருந்தபோதே வெளியான எழுத்து 2017 ஜனவரி 1 முதல் எல்லாருக்கும் பொது. யாரும் அச்சடிக்கலாம், மொழிபெயர்க்கலாம். அந்த நாளுக்கு நாமெல்லாம் காத்திருந்தோம். ஆனாலும் 2021இல், தொகுதிகள் அச்சாகாமல் கிடப்பது பற்றி பம்பாய் உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கெடுக்க வேண்டியிருந்தது. பொதுவானால் மட்டும் போதாது, அச்சடிக்க ஆள் வேண்டும்.

பொதுவில் வைப்பதை நான் எதிர்க்கவில்லை. அதற்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. 21ஆம் பிரிவு, உரிமையைத் துறக்க. பதிவாளருக்கு அறிவிப்பு அனுப்பியோ பொது அறிவிப்பு கொடுத்தோ துறக்கலாம். கவனியுங்கள், ஆசிரியர் துறக்க வேண்டும். ஆசிரியர் என்று பெயர் இருக்கிறவர்தான் துறக்க முடியும். நம் இதழின் உள்ளட்டையில் "இவ்விதழில் வரும் எதையும் யாரும் எடுத்தாளலாம்" என்று முதல் இதழிலிருந்து போட்டு வருகிறோம். எழுதியவரைக் கேட்டா போட்டோம்? என்னைக் கேட்கவில்லை. ஆசிரியர் குழுவிடம் கேட்கிறேன்: அந்த வரியை எடுத்துவிடுங்கள். ஒவ்வொருவரும் தன் படைப்புக்குக் கீழே தானே எழுதட்டும், எடுத்தாளலாமா கூடாதா, கேட்டுவிட்டா கேட்காமலா என்று. பாட்டு சேகரிக்கப் போகிற மாணவத் தோழர்கள், பாடினவர் பெயரை அவர் சொல்கிறபடி முதல் வரியில் எழுதுங்கள். பதிந்ததில் ஒரு பிரதியை அவர் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். எங்க ஆயாவின் குரல் எங்க வீட்டில் இல்லை. ஒரு பல்கலைக்கழகத்துப் பீரோவில் இருக்கிறது, இருந்தால்.

பேராசிரியருக்கு நான் கடிதம் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது, அந்த நாலு அடிக்கு உரிமையாளன் நானும் இல்லை. ஆயாவுக்கு வாரிசு எங்க அப்பாவும் மூணு அத்தைகளும். நான் யாரையும் கேட்கவில்லை. பேரன் என்ற திமிரில் எடுத்துப் போட்டுவிட்டேன். ஊருக்குப் போனேன். பெரியத்தை முழுசும் கேட்டுவிட்டு, "எங்கம்மா உங்க தாத்தாவுக்கு அழுதது அது. பொஸ்தகத்துல போடறதுக்கா அழுதுச்சு?" என்றது. எனக்குப் பதில் வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து அதுவே, "போடறதுன்னா எங்கம்மா பேரு போடு. ஆயான்னு போடாத, ஊருல ஆயிரம் ஆயா இருக்குது" என்றது.

அப்பாவும் ரெண்டு அத்தைகளும் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், படிச்சுக் காட்டின பிறகு. சின்னத்தை பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறது. போனில் சரி என்றுதான் சொன்னது, ஆனால் தாளைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன் என்றது. பொங்கலுக்கு வரும். அதனால்தான் ஆயாவின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. பதிப்பகத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் காலியாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.